சலேத் மாதாவுல குடியிருந்த மின்னல்

அதெல்லாம் நிக்கும் மாப்ள, நிக்கும். மின்னலு கண்ணச் சிமிட்டுற நேரங்கூட ஒரு எடத்துல நிக்காதுன்னு நீங்க காலேஜுல படிச்சிருப்பீக, நான் இல்லேங்கல, ஆனா இந்த வேம்பந்துறையில தொம்மையோட போட்டுல அது பதினோரு நாளு நின்னுச்சு, நின்னு, தின்னு, தூங்கி, வெளையாடி, ஊரையே ஒரு ஆட்டு ஆட்டி வச்சுட்டுத்தான் போச்சு. சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஒரு செம்புக்கொடத்த உள்ள எடுத்து வைங்கன்னு சொன்னதுக்கு இம்புட்டுச் சிரிப்பா? நேத்து நீங்க பாட்டுக்கு அந்தக் கொடத்துக்குப் பெயிண்ட அடிச்சு, பூச்செடி வைக்கப் போறேன்னு வீட்டு முத்தத்துல காய வச்சீகளே, அப்பவே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, புது மாப்ள மனசு நோகப்படாதுன்னு முழுங்கிட்டேன். இப்ப மேக்கால கருக்குது. அது வந்து சேர நேரங்கெடக்கு, அதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன், கேளுங்க.

கித்தேரின்னு ஒருத்தி. தொம்மை பொண்டாட்டி. இந்தத் தொறமுகத்துல நிக்கிற போட்டுகள்ல பாதிக்கு லைட்டு, ஹாரன், வயர்லெஸ், மீனக் காட்டுற எக்கோப் பெட்டி எல்லாத்துக்கும் வயரு இழுக்கிறது அவ கைதான். அவ அப்பன் பேட்டரிக் கடை வச்சிருந்தவரு, அதனால அவ நடக்கப் பழகுறதுக்கு முந்தி டெஸ்டர் புடிக்கப் பழகிட்டான்னு சொல்லுவாக. அவ கல்யாணத்தன்னைக்கு நடந்தத மட்டும் சொல்லிட்டு வந்துருதேன், ஒரு நிமிசம். கோயில்ல பாதர் மோதிரத்த மந்திரிக்கப் போறாக, டப்புன்னு கரண்டு போச்சு, மைக்கு செத்துருச்சு, ஃபேன் நின்னு போச்சு, ஊரே விசிறிக்கிட்டு உக்காந்திருக்கு. பொண்ணு என்ன செஞ்சா? முட்டாக்க எடுத்துத் தோழிப்பொண்ணு தலையில போட்டுட்டு, கவுன இடுப்புல சொருகி, ஏணியில ஏறி, ஃபியூசக் கட்டிட்டு எறங்கி வந்து, கையத் தட்டிட்டு, "ஆங், பாதர், சொல்லுங்க"ன்னா. மாமியாக்காரி சவரியம்மா அப்பவே மகன் காதுல சொன்னாளாம், "எலேய், இவ கழுத்துல கட்டுற தாலிக்கே எர்த்து இருக்கான்னு கேப்பா போலயே!"

அந்த எர்த்துலதான் மாப்ள கதையே கெடக்கு.

தொம்மையோட போட்டு, 'சலேத் மாதா'ன்னு பேரு, எட்டுப் பேரு போற போட்டு. அதுக்கு வயரு இழுத்தப்ப கித்தேரி ஒரு புது வேல செஞ்சா. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு செம்புத் தகட்ட வாங்கி, போட்டோட அடிவயித்துல, தண்ணிக்குள்ள இருக்கிற எடத்துல பதிச்சு, உச்சிக் கம்பியில இருந்து தடியா ஒரு கேபிள உள்ளுக்குள்ள எறக்கி அதுல முடிஞ்சு விட்டா. மின்னலு விழுந்தா கம்பி வழியா வந்து, தகடு வழியா கடலுக்குள்ள போயிரும், போட்டுக்கு ஒரு பொட்டு சேதமில்லன்னு சொன்னா. அவளுக்கு எதிரா இதே தொழில் செய்யிறவன் எஸ்தாக்கி. மீசைய ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டு, முறுக்குன நுனியில டெஸ்டரச் சொருகி வைக்கலாம், அப்பிடி இருப்பான். அவன் படித்தொறையில நின்னு, "யாத்தே, மின்னலுக்கு வாசல் வச்சுக் கட்டுன மொத போட்டு இதுதான். கோலம் எப்ப தங்கச்சி போடப்போற?"ன்னான். கித்தேரி வயரு வெட்டுற குறட்ட எடுத்து அவன் மீசைக்கு நேரா ரெண்டு தடவ கடிச்சுக் காட்டிட்டு வேலையப் பாத்தா.

பொறவு மீன்பிடி தடக்காலம் வந்துச்சு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, சித்திரை பொறந்ததுல இருந்து ரெண்டு மாசம் இந்தப் பக்கத்துப் போட்டு ஒண்ணும் கடலுக்குப் போகப்படாது, மீனு முட்டையிடுற காலம். அப்பத்தான் போட்டையெல்லாம் கரையேத்தி, சுரண்டி, பெயிண்டடிச்சு, பாதரக் கூட்டி மந்திரிச்சு, திரும்பத் தண்ணியில எறக்குவாக. சலேத் மாதாவும் நீலமும் வெள்ளையுமா, புதுப்பொண்ணு கணக்கா எறங்கி படித்தொறையில நின்னுச்சு. தட முடிய இன்னும் பதினாலு நாளு.

அன்னைக்குச் சாயங்காலம் நாலு மணி. பொம்பளைகள்லாம் கருவாட்ட அள்ளி உள்ள போட்டுக்கிட்டு இருக்காக. வானம் மேக்கால கருத்து வந்துச்சு, மழ வரல, காத்து வரல, ஒரே ஒரு மின்னலு, கெளக்க பாத்து ஒரு இழுப்பு இழுத்து சலேத் மாதாவோட உச்சிக் கம்பியில எறங்குனத ஊரே பாத்துச்சு. எறங்குனது தெரிஞ்சுச்சு, போனது தெரியல. அதுக்குப் பின்னாடி ஒரு இடி வந்துச்சு பாருங்க மாப்ள, "கட கட கட"ன்னு ஆரம்பிச்சு, பாதியில நின்னுருச்சு. தும்ம வந்தவன் தும்மாம வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற மாதிரி வானம் அப்பிடியே நின்னுச்சு. மீதி இடி எப்ப வருமோன்னு எல்லாரும் காதப் பொத்தியே வச்சிருந்தாக, ரொம்ப நேரம்.

கித்தேரி ஓடிப்போயி ஏறிப் பாத்தா. ஏரியல் கம்பி நுனி கோயில் மெழுகுதிரி கணக்கா வழிஞ்சு கெடக்கு. ஃபியூசு எல்லாம் பொரிஞ்சு போச்சு. வயரோட தோலு வெடிச்சு, வெண்டக்கா கீறுன மாதிரி நீளமா பொளந்து கெடக்கு. ஜி.பி.எஸ். கறுப்பு. எக்கோ கறுப்பு. வயர்லெஸ்ல கருகுன வாட. தொம்மை தலையில கைய வச்சுக்கிட்டு, "ஏட்டி, ஒன் தகடு என்னட்டி செஞ்சுச்சு?"ன்னான். தகட்ட அவ கையால பதிச்சா, கேபிள அவ கையால முடிஞ்சா. எது தப்புன்னு அவளுக்கு வெளங்கல.

எஸ்தாக்கி மீசைய நீவிக்கிட்டு வந்தான். "பொம்பள இழுத்த வயருன்னா மின்னலுகூட வழி தெரியாம நிக்குது பாத்தீகளா? தங்கச்சி, தட முடியுற அன்னைக்கு இந்தப் போட்டு மத்த போட்டோட சேந்து போகாது. போச்சுன்னா இந்த சீசன் முழுக்க ஒன் சாமான் பைய நான் தூக்குதேன். போகலன்னா ஒன் குறட்டையும் டெஸ்டரையும் என் கையில குடுத்துட்டு வீட்டுல இரி."

"சரி"ன்னா கித்தேரி. ரோசத்துல வந்த சரிதான். வீட்டுக்குப் போயி குறட்ட மடியில வச்சு எண்ணெ போட்டுத் தொடச்சா. அது அவ அப்பன் குறடு. பிடியில அவரு பெருவெரலு பதிஞ்ச குழி இருக்கும், அதுல அவ வெரலு சரியாப் போயி உக்காரும்.

மறுநாளே வேலைய ஆரம்பிச்சா. கருகுன வயரு பூராவும் உருவி எறிஞ்சா, புது வயரு இழுத்தா, புது ஃபியூசு போட்டா, மூணு நாளு மாமியாக்காரி கொண்டாந்து குடுத்த கஞ்சியக்கூட எஞ்சின் மேல உக்காந்துதான் குடிச்சா. சவரியம்மா வழக்கமா கஞ்சியோட நூறு வார்த்த சேத்துக் குடுக்கிறவ, அந்த மூணு நாளும் வாயத் தொறக்கவே இல்ல. அத யாரும் கவனிக்கல. மூணாம் நாளு கடைசியா பேட்டரிய மாட்டலாம்னு கித்தேரி பேட்டரியத் தூக்குதா, மாட்டவே இல்ல, கையிலதான் இருக்கு, போட்டுல அம்புட்டு லைட்டும் எரியுது! செவப்பு, பச்ச, வெள்ள, கேபின் லைட்டு எல்லாம். மெயின் சுவிச்ச அமத்துனா. எரியுது. ஃபியூசப் புடுங்குனா. எரியுது. ஒரு பல்ப கழட்டி கையில வச்சுப் பாத்தா, உள்ளங்கையில உக்காந்துக்கிட்டு சிரிக்குது. அவ டெஸ்டர கம்பியில வச்சா, டெஸ்டர் பாடுச்சு. மெய்யாத்தான். அந்தோணியார் கோயில் பேண்டுல கிளாரினெட்டு வாசிக்கிறவரு கேட்டுட்டு, மோகனம் மாதிரி இருக்குன்னாரு.

"அது போகல"ன்னா கித்தேரி. "உள்ளதான் இருக்கு."

தொம்மை, "எது?"ன்னான்.

"மின்னலு."

"அப்பிடியா"ன்னு சொல்லிட்டு தொம்மை வெளிய வந்து, ஊருக்குச் சொன்னான். ஊரும் "அப்பிடியா"ன்னுச்சு. வேற என்னத்தச் சொல்ல மாப்ள? கண்ணு முன்னால இருக்கு.

ஜி.பி.எஸ்.சப் போட்டா, போட்டு நாலாயிரம் மீட்டர் ஒசரத்துல நிக்கிறதாக் காட்டுது. எக்கோன்னு ஒரு பெட்டி இருக்கும், கடலோட ஆழமும் அடியில போற மீனையும் படம் போடும், அதுல தரையே காணும், மேகமா வரையுது, குட்டி மேகம், கிழட்டு மேகம், மழ தூக்கிக்கிட்டு மூச்சு வாங்குற சூலி மேகம். காம்பஸ் முள்ளு வடக்கையும் காட்டல, தெக்கையும் காட்டல, கூரையக் காட்டுது. தூரக் கடல்ல போனவுகளோட பேசுறதுக்கு வச்ச வயர்லெஸ்ல நாலு மணியானா உறுமல் கேக்குது, தூரத்துல இருந்து, மாட்டக் காணாம ஒருத்தி வாய்க்கா ஓரமா நின்னு கூப்புடுற மாதிரி. எஞ்சின ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்னு தொம்மை சாவியத் திருகுனான். சலேத் மாதா ஒரு சிலுப்பு சிலுப்பிட்டு, தண்ணிய விட்டு எந்திரிச்சுருச்சு. அடியில துடுப்புப் போடுற சின்ன வத்தை ஒண்ணு குறுக்க போகலாம், அம்புட்டு ஒசரம். தண்ணி சொட்ட, எஞ்சின் காத்தாடி வெறுங்காத்துல சுத்த, கட்டியிருந்த கயிறு வெறைக்க, ஒரு நாயி குலைக்க, நிக்குது. போட்டு தான் மேகத்துல இருக்கிறதா நெனச்சுக்கிடுச்சு. அதுல போயி எங்கிட்டு வலையப் போட?

தொம்மை எஞ்சின அமத்துனான். அது பதமா, முட்டையில கோழி உக்காருற மாதிரி எறங்கி உக்காந்துச்சு.

பொறவு நடந்ததுதான் கூத்து. மொதல்ல செல்போன கொண்டாந்தாக. போட்டு ஓரத்துல சும்மா சாத்தி வச்சாலே போதும், நூத்துக்கு நூறு ஏறிரும், செல போனு நூத்தி நாப்பதுன்னு காட்டுச்சு. பொறவு மூட்டுவலிக்காரக. பொர்த்துனாத்துன்னு ஒரு பெரியவரு, எட்டு வருசமா கோயில்ல முட்டுப்போடாதவரு, போட்டுல முட்டிய வச்சு அமுக்கிட்டு, எழுந்து, படித்தொறையில இருந்து கோயில் வரைக்கும் ஓடி, அங்க முட்டுப்போட்டு, திரும்ப ஓடி வந்து இன்னொரு முட்டியையும் வச்சாரு. "ஒத்தக் காலு மட்டும் எளசா இருந்தா வட்டமாத்தான் ஓட வேண்டியிருக்கு"ன்னாரு. ஆப்பக்கடை தெரசம்மா மாவுச்சட்டிய போட்டு மேல வச்சா, அஞ்சு நிமிசத்துல பொங்கி மூடியத் தள்ளி படித்தொறையில எறங்கி நடந்து வந்துச்சு. அந்த ஆப்பம் தின்ன ஆளுகளுக்கு ஏப்பம் வரும்போது உதட்டுல பொறி பறக்கும், பாக்க அழகா இருக்கும்.

ஜெனோவான்னு ஒருத்தி. அவ புருசன் வலை பின்னுறவன். ரெண்டு பேரும் ஒரு தூண்டி முள்ளுக்காகச் சண்ட போட்டு ஆறு வருசம் பேசல, ஒரே வீட்டுல. போட்டோட கைப்பிடிக் குழாய அவ ஒரு பக்கம் புடிச்சா, அவன் மறுபக்கம் புடிச்சான், நடுவுல 'படார்'னு ஒரு பொறி. "எம்மா!"ன்னு அவ கத்த, "என்னாச்சு புள்ள?"ன்னு அவன் கேக்க, ஆறு வருசத்து மௌனம் ஒடஞ்சுச்சு. வீட்டுக்குப் போற வழியிலயே அந்தத் தூண்டி முள்ளப் பத்தித் திரும்ப ஆரம்பிச்சுட்டாக, அது வேற கத.

பாதர் ரெமிஜியுஸ் தீத்தத்தோட வந்தாக. ஏறுன ஒடனே அவுக முடி பூரா குத்துக்குத்தா நின்னுச்சு. தெளிச்ச தீத்தம் ஒவ்வொரு சொட்டும் மினுக் மினுக்குன்னு விழுந்துச்சு. "இது பேயி இல்ல. வழிதவறுன ஒரு படைப்பு"ன்னாக. சொல்லிட்டு அவுக போனையும் ஓரமா சாத்தி வச்சாக. மீன் தொறையில இருந்து ஒரு ஆபீசரு போட்டச் சோதிக்க வந்தாரு, படிவத்துல மின்னலுக்குன்னு எடம் இல்ல, ரொம்ப நேரம் பேனாவக் கடிச்சுட்டு, 'கூடுதல் விளக்கு — ஒன்று'ன்னு எழுதிட்டு, ரெண்டு ஆப்பம் தின்னுட்டு, பொறி பறக்கப் பறக்க ஜீப்புல போனாரு.

ஆனா எல்லாத்துக்கும் மேல அந்தப் பம்பு. போட்டு அடியில தேங்குற தண்ணிய எறைச்சு வெளிய ஊத்த ஒரு பம்பு இருக்கும். அந்தப் பம்பு கடத்தண்ணிய எறைக்காம மழத்தண்ணிய எறைச்சுச்சு. இந்த ஊருல எந்தக் கெணத்துல மொண்டாலும் உப்பு, உங்களுக்கே தெரியும், காப்பி குடிக்கும்போது மூஞ்சியச் சுளிச்சீகளே! அந்தத் தண்ணி, இளநி மாதிரி, குளுகுளுன்னு. படித்தொறையில இருந்து கோயில் வரைக்கும் கொடத்தோட வரிச. சிரிப்பு, சண்ட, பாட்டு, வரிசையில எடம் புடிக்கக் கல்லு வச்சது, கல்ல நகட்டுனது, ஊரே போதையேறுன மாதிரி கெடந்துச்சு. யாரப் பாத்தாலும் முடி நட்டுக்கிட்டு, கண்ணு பளபளன்னு, ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சிரிச்சுக்கிட்டு.

நாளு போச்சு. தட முடிய நாலு நாளு. கித்தேரி படித்தொறையில நின்னா. போட்டு போகணும்ங்கிறது அவளும் தொம்மையும் அதுல போற மத்த ஏழு ஆளும்தான். ஊரு பூரா, "மின்னலு இருந்துட்டுப் போகட்டுமேட்டி"ங்குது. கொடத்தோட நின்ன ஒருத்தி நேராவே கேட்டா: "ஒனக்கு எஸ்தாக்கிட்ட செயிக்கணும்னு எங்க வாயில மண்ணப் போடுவியா?" கித்தேரிக்குச் சுருக்குன்னுச்சு. கேபினுக்குள்ள போயி வயர்லெஸ் பக்கத்துல உக்காந்தா. நாலு மணி. அந்த உறுமல் வந்துச்சு. அது வந்ததும் போட்டுல இருந்த லைட்டு பூரா மங்கி, செவப்பும் பச்சையும் உள்ளுக்குள்ள ஓடுச்சு, வயருக்கு வயரு, இந்த முனையில முட்டி, அந்த முனையில முட்டி. கித்தேரி கைய பலகையில வச்சிருந்தா. பூட்டுன வீட்டுக்குள்ள மாட்டுன பூனைக்குட்டி கதவு கதவா பிறாண்டுற மாதிரி அவ உள்ளங்கைக்கு அடியில அது ஓடுறது தெரிஞ்சுச்சு. அதுக்கு அப்பறம் அவளுக்கு எஸ்தாக்கி ஞாபகமே இல்ல. கொஞ்சமா இருந்துச்சு. குறடு அவ அப்பன் குறடுல்லா.

அது படுற பாட்ட அவ வந்து சொன்னதும் எல்லாரும் மனசு எளகி, அது வானத்துக்குத் திரும்பணும்னு அழுவுது, மேல அனுப்பணும்னாக. மறுநாளு காலையில எஸ்தாக்கி ஒரு யோசனையோட வந்தான். "நான் அனுப்புதேன், பாக்குறீகளா?" திருவிழா பலூன்காரன்கிட்ட அறுபது கேஸ் பலூன வாங்கி, செம்புக் கம்பியக் கட்டி, மறுமுனைய உச்சியில முடிஞ்சு பறக்க விட்டான். பலூனு அறுபதும் போச்சு, போயி, ஒவ்வொண்ணா பல்பு மாதிரி எரிஞ்சுச்சு, எரிஞ்சுட்டு கம்பியோட கீழ எறங்கி, எஸ்தாக்கி பின்னாலயே வந்துச்சு. டீக்கடைக்குப் போனா டீக்கடைக்கு, வீட்டுக்குப் போனா வீட்டுக்கு. அவன் மீசை ரெண்டு நுனியிலயும் பச்ச வெளிச்சம். பொண்டாட்டிக்காரி, "இதுகள எங்க படுக்க வைக்க?"ன்னு கேட்டாளாம்.

அப்பத்தான் கித்தேரி சொன்னா: "மேல போகணும்னா அது எதுக்குக் கீழ வரும்? அது கடலுக்குப் போக வந்துருக்கு. கடல்ல போயி, ஆவியாயி, மேகமாயி, அப்பிடித்தான் அது வீட்டுக்குப் போற சுத்துவழி. நடுவுல எங்கயோ அடைச்சுக்கிட்டு நிக்குது. எந்தக் கரண்டும் வேற என்னத்தக் கேக்கும், வெளிய போற வழியத்தான் கேக்கும். வழி நான் வச்சேனே!"

கேபிளப் பாத்தா, நல்லா இருக்கு. முடிச்சப் பாத்தா, நல்லா இருக்கு. அப்ப மிச்சம் தகடுதான். "இஞ்சேருங்க, எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னா. தொம்மை திருகுனான், சலேத் மாதா சிலுப்பிக்கிட்டு எந்திரிச்சுச்சு. கித்தேரி ஒரு வத்தையில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, துடுப்ப ஒத்தக் கையால தள்ளிக்கிட்டு, அந்தரத்துல நிக்கிற போட்டுக்கு அடியில போனா. மேல அண்ணாந்து பாத்தா. அடிவயிறு பூரா நீலம். ஒரு பொட்டு விடாம நீலம். செம்பு இருந்த எடத்துல வட்டமா, தடியா, மூணு பூச்சு நீலம்.

"என் வாசல எவன் அடைச்சான்!"னு கீழ இருந்து ஒரு கத்து கத்துனா. படித்தொறையில நின்ன வரிசையில இருந்து ஒரு கொடம் நழுவி விழுந்து உருண்டு உருண்டு போயி கடல்ல விழுந்துச்சு. அது சவரியம்மா கொடம்.

இங்கன ஒரு வழக்கம் இருக்கு மாப்ள. போட்டுக்குப் பெயிண்டடிச்சு முடிச்சா, கடைசித் தொடுப்பு வீட்டுல மூத்த பொம்பளைதான் வைக்கணும். ஒரு தொடுப்பு, அம்புட்டுத்தான். அதுக்குன்னு பெயிண்டர் ஒரு கையகலம் எடம் விட்டு வைப்பான். அந்த வருசம் வந்த பெயிண்டர் வெளியூருக்காரன், வழக்கம் தெரியாது, முழுசையும் அடிச்சு முடிச்சுட்டுப் போயிட்டான். விடிஞ்சா மந்திரிப்பு. சவரியம்மா பிரஷ்ஷும் கையுமா போட்டச் சுத்திச் சுத்தி வாரா, தொடுறதுக்கு எடமே இல்ல. குனிஞ்சு அடியில பாத்தா அந்தத் தகடு மட்டும் மொட்டையா, வெறிச்சுன்னு நிக்குது. சரி, இத நமக்குன்னுதான் விட்டுருக்கான்னு ஒரு தொடுப்பு வச்சா. வச்சுட்டுப் பாத்தா ஒத்தக் கோடு அசிங்கமா இருக்கு. முழுசா அடிச்சா. அடியில செம்பு தெரியுது. இன்னொரு பூச்சு. அப்பறம் மனசு கேக்காம இன்னொண்ணு. அந்த நீலப் பெயிண்டு டப்பா யாரு வீட்டுல இருந்து இரவல் வாங்குனான்னு மட்டும் கேக்காதீக.

"நாந்தாம்புள்ள"ன்னா சவரியம்மா. "மின்னலு விழுந்த அன்னைக்கே என் பூச்சாத்தான் இருக்கும்னு தோணிருச்சு. சொல்ல வாயி வரல. அழகா இருக்கட்டும்னுதான்..."

கித்தேரிக்கு வந்த கோவத்துக்கு அவ நல்லாத் திட்டியிருக்கலாம். வத்தையில படுத்தபடியே மாமியா மூஞ்சியத் தலைகீழா பாத்துக்கிட்டு இருந்தா. கஞ்சி குடுத்த மூணு நாளும் சவரியம்மா ஏன் பேசாம நின்னான்னு இப்பப் புரிஞ்சுச்சு. "மாமி"ன்னா. "மூணு பூச்சும் ஒரு சொட்டு வழியாம அடிச்சிருக்கீகளே, பெயிண்டர் தோத்தான்."

சவரியம்மா மூக்கச் சிந்துனா. சேலைய இறுக்கிக் கட்டுனா. "விலகு. அடிச்சவதான் சொரண்டணும்."

அறுபத்தி நாலு வயசு மாப்ள. ஆனா அவ பொறந்தது பாசிக்காரக ஊருல, பன்னெண்டு வயசுல இருந்து பாறையில மூழ்கிப் பாசி எடுத்தவ, அவ மூச்ச இழுத்து உள்ள வச்சான்னா ஒரு அருள்நிறைந்த மரியே செபத்த முழுசாச் சொல்லி, அடுத்ததுல பாதியும் சொல்லலாம். எஞ்சின அமத்தி போட்டத் தண்ணியில உக்கார வச்சாக. அந்தரத்துலயே வச்சு சொரண்டலாமேன்னு எஸ்தாக்கி சொன்னான். "டீசலு தீந்தா ஒன் தலையில வாங்கிக்கிடுவியா?"ன்னு சவரியம்மா கேட்டா. கித்தேரி மொதல்ல போட்டுக்குள்ள எறங்கி, தகட்டுல இருந்து கேபிளக் கழட்டி, ரப்பர் சுத்தித் தனியா வச்சா. "மாமி, நீங்க வெளிய வந்து கரையில காலு வைக்கிற வரைக்கும் நான் இத மாட்ட மாட்டேன். பயப்படாதீக."

"பயமா, எனக்கா?"ன்னுட்டு, மீன் செதில் சொரண்டுற கத்தியப் பல்லுல கடிச்சுக்கிட்டு, சவரியம்மா முங்குனா.

ஊரே சத்தமா அருள்நிறைந்த மரியே சொல்லுச்சு, மூச்சுக் கணக்குக்கு. ஒண்ணரைக்கு ஒருக்கா தல வெளிய வரும், நீலத் தூளு தண்ணியில மெதக்கும், "இன்னும் கெடக்கு!"ன்னு சொல்லிட்டுத் திரும்ப முங்கும். பதினாறு தடவ. பதினேழாவது தடவ எந்திரிச்சு கத்திய வீசுனா. "கண்ணாடி கணக்கா இருக்கு, போயி மாட்டுடி!"

கித்தேரி கேபின் அடியில, ரப்பர் செருப்பு மேல குத்தவச்சு, அப்பன் குறட்ட எடுத்தா. மேல பலகைக்குள்ள அது ஓடுறது நின்னு போயி, ஒரே எடத்துல கூடி, அவ தலைக்கு நேரா வந்து நிக்குது. அவளுக்கு முடியெல்லாம் மேல போயிருச்சு. "இரி, இரி"ன்னா அதுகிட்ட, புள்ளைக்குச் சட்ட மாட்டுறப்ப சொல்லுவோம்ல, அப்பிடி. "இன்னும் ஒரு திருகு. தள்ளாத." கரையில கொடத்தோட நின்ன பொம்பளைகள ஒரு தடவ தலையத் தூக்கி எட்டிப் பாத்தா. வாயில மண்ணுன்னு சொன்னவளே கண்ணத் தொடச்சுக்கிட்டு, "மாட்டுட்டி, பாவம், அது தாய் கூப்புடுதுல்லா"ன்னா.

திருகுனா.

மாப்ள, கடலு பூராவும், தீவு தெரியிற வரைக்கும், அடியில இருந்து வெளிச்சம் போட்ட மாதிரி எரிஞ்சுச்சு. ஒவ்வொரு மீனும் தெரிஞ்சுச்சு, அதுக முள்ளு தெரிஞ்சுச்சு, பாறைக்கு அடியில ஒளிஞ்ச கணவாயி வெக்கப்பட்டு மை கக்குனது தெரிஞ்சுச்சு. ஒரு கணந்தான். அப்பறம், பதினோரு நாளு முந்தி பாதியில நின்னுச்சே அந்த இடி, மீதிப் பாதிய இடிச்சு முடிச்சுச்சு. "கட கட கட டமார்!" அன்னைக்குக் காதப் பொத்துனவுக இன்னைக்குத்தான் கைய எடுத்தாக. எஸ்தாக்கி பின்னால நின்ன அறுபது பலூனும் ஒண்ணா வெடிச்சுச்சு. அவன் மீசை ரெண்டு பக்கமும் தொங்கிப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் நிமிரல.

மறுநாளுக்கு மறுநாளு மேகம் வந்து, பக்கத்து ஊருக்கு ஒரு சொட்டு இல்லாம, வேம்பந்துறை மேல மட்டும், ஊரு எல்லைய அளந்து விட்ட மாதிரி பேஞ்சுச்சு. கொடம், அண்டா, தொட்டி, வத்தை, ஆப்பச்சட்டி எல்லாம் நெறைஞ்சுச்சு. அதுக்கு அடுத்த நாளு தட முடிஞ்சு, விடியக்காலம் அம்புட்டு போட்டும் கெளம்புறப்ப முன்னாடி போனது சலேத் மாதா. எக்கோவுல தர தெரிஞ்சுச்சு, காம்பஸ் வடக்கப் பாத்துச்சு, எஞ்சின் தண்ணியிலயே ஓடுச்சு. கித்தேரி படித்தொறையில நடந்து வர, பின்னால எஸ்தாக்கி சாமான் பைய தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். "தங்கச்சி"ன்னான் மெதுவா. "என் போட்டுக்கும் ஒரு வாசல் வச்சுக் குடேன்." "கோலம் நீங்கதான் போடணும் அண்ணே"ன்னா அவ.

வருசா வருசம் அதே நாளு நாலு மணிக்கு அது ஒருக்கா வந்துட்டுத்தான் போவுது. உச்சிக் கம்பியத் தட்டி, லைட்டு எல்லாத்தையும் ஒரு சிமிட்டு சிமிட்டி, தகடு வழியா கடலுக்குப் போயிரும். கித்தேரி கைய ஆட்டுவா. சவரியம்மாவுக்கு இப்பல்லாம் கடைசித் தொடுப்புக்கு போட்டுப் பேருக்குப் பக்கத்துல கையகலம் எடம் விட்டுருதாக, செம்புப் பக்கமே யாரும் அவள விடுறதில்ல.

என்ன மாப்ள, சிரிப்பக் காணும்? அந்தா, உறுமுது கேக்குதா? பாதியில நின்னுச்சா, முழுசா இடிச்சுச்சா? நின்ன மாதிரித்தான் இருக்கு. கொடத்துக்கு அடியிலயுமா பெயிண்டடிச்சீக? மூணு பூச்சா! ஏட்டி பவுலின்! ஏட்டி! ஒன் மாப்ள அடியெல்லாம் நீலத்த அடிச்சு முத்தத்துல வச்சிருக்காருல்லா அந்தச் செம்புக்கொடம், ஓடு, செருப்பப் போட்டுட்டு ஓடு, அது வந்து குடியேறுறதுக்குள்ள உள்ள தூக்கிட்டு வா!